மெழுகுவர்த்தியில் அடித்த சத்தியம்

சங்கிலிப்பாண்டிக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், கையின் பலத்துக்குக் கேட்க வேண்டுமா! குற்றாலத்தில் குடித்துவிட்டு வரிசையில் புகுந்த ஒருத்தனை அருவிக்கரையிலேயே போட்டு மிதித்தான். அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். போன வாரம் அதே கை அவன் மனைவி ரத்தினத்தின் காதைக் கம்மலோடு கிழித்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை வெட்டிப் போட்டிருப்பேன். கூட்டாளியாகப் போய்விட்டான்.

“இனி ஒரு தடவ கை ஓங்குனாப் போதும், பிள்ளையத் தூக்கிட்டு ஆய்க்குடிக்கு எங்கம்மாட்டப் போயிருவேன்” என்றாள் ரத்தினம். அவன் ஆடிப்போய்விட்டான்.

“கடக்கரையில பழைய சிலுவைக் கோயில் ஒண்ணு இருக்குலே. அங்கன பொய்ச் சத்தியம் பண்ணவன் உருப்பட்டதில்ல. வா” என்று மூவரையும் என் வேனில் ஏற்றினேன். நான் ஜஸ்டின், வேன் ஓட்டுகிறவன். யோசனை என்னுடையதுதான், பாவமும் எனக்குத்தான்.

தேரி என்கிற செம்மணல் மேட்டைத் தாண்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் உச்சியில் கோயில். பல நூறு வருஷத்துச் சுவர். கீழே அலை பாறையை அறைந்துகொண்டே இருந்தது. காற்று பிள்ளையைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது.

உள்ளே நான் வாயைத் திறக்குமுன், சங்கிலிப்பாண்டி எரிந்துகொண்டிருந்த ஒரு மெழுகுவர்த்தியை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். “இனிமே உம்மேல கை ஓங்க மாட்டேம்ட்டி. சத்தியம்!” அவன் கும்பிடுகிற சாமி முன்னால் எரிகிற சூடத்தை அடித்துத்தான் சத்தியம் செய்வார்கள். ஐயோ, எங்கள் கோயிலில் அப்படி இல்லை என்று முதலிலேயே சொல்லாத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

அந்த மெழுகுவர்த்தி, கடலுக்குப் போய் மூன்று நாளாகத் திரும்பாத புருஷனுக்காக ஒரு பெண் ஏற்றியது. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். அவளுடைய கொழுந்தன்மார் இரண்டு பேர் சங்கிலிப்பாண்டியை வாசலுக்கு இழுத்துப்போய் வெளுத்தார்கள். உதடு கிழிந்தது. பல் ஒன்று பாறையில் விழுந்தது. அவன் கை மேலே எழுந்தது.

அந்தக் கையைக் கண்டதும் ரத்தினம், பிள்ளையை மடியில் அமுக்கி, கட்டுப்போட்ட காதைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளை அங்கே யாரும் அடிக்கவில்லை.

அவன் பார்த்துவிட்டான். கை இறங்கியது. அதற்கப்புறம் விழுந்த அடி அத்தனையையும் சும்மா நின்று வாங்கினான். நான்தான் காலில் விழுந்து கெஞ்சிப் பிரித்துக் கூட்டி வந்தேன்.

“பாத்தியாட்டி? அம்புட்டு அடி வாங்கியும் ஒருத்தனையும் நான் தொடல” என்றான் வேனில், ரத்தம் துப்பிக்கொண்டே.

தென்காசி நெருங்கியது. ரத்தினம் என்னிடம் சொன்னாள்: “அண்ணே, வண்டிய ஆய்க்குடிக்கு விடுங்க.”

“ஏட்டி, நான் அடிக்கலியே!”

“ஓங்குனீங்கள்லா.”

நான் வண்டியைத் திருப்பினேன்.