சுழியில் தேறாத பேனா

மும்பை மாட்டுங்காவில் என் ஸ்டேஷனரி கடைக்கு மாதாமாதம் வருவார், ரிட்டயரான ஆபீஸ் மாமா ஒருவர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. ஒவ்வொரு பால்பாயிண்ட் பேனாவாக எடுத்து, மை உலராமலிருக்க முனையில் ஒட்டியிருக்கும் மெழுகை நகத்தால் நீக்கி, பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பார். புதுப் பேனாவில் முதல் கோடு விட்டுவிட்டுத்தானே விழும். "ஆரம்பமே தடங்கல்" என்று ஒதுக்கிவிடுவார்.

ஒருநாள் அவர் வருவதைப் பார்த்ததும், ஒரு பேனாவை நானே கிறுக்கி, மை ஓடவிட்டு நீட்டினேன். சுழி வழுக்கிக்கொண்டு விழுந்தது. முகம் மலர்ந்தவர், முனையை உற்றுப் பார்த்தார்.

"மெழுகு எங்கே?"

"நான்தான் மாமா, எழுதிப் பாத்தேன்."

"அப்போ இது பழசாச்சே. புதுசு எடுங்கோ."

பொறுக்கமாட்டாமல், "இத்தனை நாளா எதுலதான் எழுதறீங்க?" என்றேன்.

விரற்கடை நீளமே மிச்சமிருந்த ஒரு பென்சிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"நல்ல பேனா கிடைக்கற வரைக்கும்தான்."