தம்பியா, பாப்பாவா?

திருச்சியில் நான் குரல் பயிற்சி அளித்துவந்த நாட்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வருவார். ஒட்ட வெட்டிய முடி, தொளதொளச் சட்டை, சின்ன மூக்குத்தி, கட்டைக் குரல். பேசுவதற்கு முன் வாயை மூடி வண்டுபோல் ஒருமுறை முனகிக்கொள்வார்.

"பெண் குரல் மாதிரி வரணுமா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"இல்லைங்க. நான் ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. ஆனா வாயைத் திறந்தாலே சார்ங்கிறாங்க."

குரலை ஏற்றினால் கீச்சிடும். அசந்தால் பழையபடி இறங்கிவிடும். நடுவில் நிறுத்த மாதக்கணக்கில் பாடுபட்டார்.

காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் அவருக்கு வேலை. ஒருநாள் பயிற்சிக்கு நடுவே தொட்டியத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"யாரு பேசுறது? தம்பியா, பாப்பாவா?"

"மண்டியிலேருந்து பேசுறேங்க."

"சரி, யாரா இருந்தா என்ன? நாளைக்குத் தார் வருது, முதலாளிகிட்ட சொல்லிடுங்க."

போனை வைத்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு மட்டும் அதே கட்டைக் குரலில் வந்தது.

"சிரிப்பையும் மாத்திப் பழகலாமே," என்றேன்.

"அது எங்க அப்பா சிரிப்புங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவு பாடுபட்டு விலகிவந்த குரலில் ஒரு பங்கை எப்படி இத்தனை எளிதாக வைத்துக்கொண்டார் என்று இன்றும் யோசிக்கிறேன்.