கறை எடுக்கும் மருந்து

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் வேலை எனக்கு. துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் ஸ்ப்ரே கன்னில் மருந்தை நிரப்பி அதன்மேல் பீய்ச்ச வேண்டும். கறை போய்விடும், வாடை மண்டைக்குள் ஏறும். அந்தச் சின்ன ரூமில் நானும் ஓர் அக்காவும்தான். அக்காவுக்குப் புருஷன் இல்லை. மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மதியச் சோறு அக்காவுக்கு வயிற்றில் தங்காது. "வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்பார்.

ஒருநாள் அதிகாரிகள் வரப்போவதாக மேனேஜர் சொன்னார். மருந்து அனுமதி உள்ளதுதான். அந்த அனுமதியைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று பரிசீலிக்கிறார்களாம். அதற்காகப் புழங்குகிறவர்களைக் கேட்க வருகிறார்கள். சோதனை என்றாலே எங்கள் கம்பெனிகளில் நடக்கிற சடங்கு அன்றும் நடந்தது. புது மாஸ்க் வந்தது, மூலையில் கிடந்த ஃபேன் ஓடியது, என்ன கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமும் எடுத்தார்கள்.

அதிகாரிகள் வந்து கேட்டதும் அக்கா அதை அப்படியே ஒப்பித்தார். "ஒண்ணுமில்லீங்க சார், நல்லா இருக்கறனுங்க."

காலையில்தான் வாந்தி எடுத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யிங்க சார். அக்காவுக்குச் சோறே தங்கறதில்லீங்க" என்று கொட்டிவிட்டேன். வந்தவர்களில் பெரியவர் எழுதிக்கொண்டார். "அப்ப இத நிறுத்திப்போடுவீங்களாங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் அனுமதி இருக்கற பொருள்மா. எல்லா ஊர் விவரமும் வரணும், மேல கமிட்டி பாக்கணும். நாளாகும்."

அக்கா விஷயத்துக்கு நாளாகவில்லை. அந்தச் சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மேனேஜர் சொன்னார்: "முடியாதவங்கள வெச்சு வேலை வாங்குனா எங்க தலைக்குத்தானுங்க வரும். ஊட்லயே இருந்துக்குங்க." அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து கேன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது பக்கத்திலிருந்த அக்கா. மகள் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நல்லதுக்குத்தானே சொன்னோம் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை.

அடுத்த வருஷமும் பரிசீலனை முடிந்தபாடில்லை. அக்காவின் வேலையையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அக்காவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நகர்ந்தேன். அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. இளைத்துப்போன என் முகத்தையே பார்த்தார்.

"உனக்குச் சோறு தங்குதா கண்ணு?"

தங்கவில்லைதான். "ஒண்ணுமில்லீங்கக்கா, நல்லா இருக்கறனுங்க" என்றேன்.