பாலாடையில் பால் குடித்த மரநாய்க்குட்டி

எல்லா விதிகளையும் கரைத்துக் குடித்து, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன் நான். சென்ற சாரல் காலத்தில் எங்கள் குற்றாலம் வீட்டுக் கூரையிலிருந்து கண் திறக்காத மரநாய்க்குட்டி ஒன்று விழுந்தது. வனத்துறைக்குச் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பசியில் கத்தியதும் என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, குட்டியை மல்லாத்திப் போட்டு, பேரனுக்குப் பாலூட்டும் சங்கான பாலாடையால் பாலைப் புகட்டினாள். நான் துண்டு பிடித்தேன்.

இரண்டாவது மடக்கிலேயே பால் மூக்கு வழியாக வந்தது. உடல் துவண்டது, மூச்சைக் காணோம். தென்காசி கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மல்லாக்கப் போட்டா ஊட்டுனிய? அது என்ன ஒங்க பேரனா அண்ணாச்சி? குப்புறக் கெடந்துதான் அது குடிக்கும். தலையக் கீழ சரிச்சு மூக்கத் தொடைங்க."

துடைத்தோம். குட்டி தும்மியது. "ஏங்க, மூச்சு விடுது," என்று மனைவி அழுதாள்.

மருத்துவர் சொன்னபடி குட்டியைப் பெட்டியில் போட்டுக் கூரையோரம் வைத்தோம். இருட்டியதும் எதிர் மாமரத்திலிருந்து தாய் இறங்கி வந்து கவ்விக்கொண்டு போனது. அதை அநாதை என்று தீர்மானித்தது நாங்கள்தான்.

இப்போது எந்தக் குட்டி விழுந்தாலும் முதலில் வனத்துறையிடம் பேசுகிறேன். அவர்கள் வரும்வரை எங்கள் இருவரின் கருணையையும் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.