எரியாத சிவப்பு பல்பு

தென்காசியில் நான் முதலில் போட்டது நாலு தகரமும் ஒரு மேசையும்தான். அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன் போட்ட கடை. இன்றைக்கு அதே இடத்தில் மாடி வைத்த ஒர்க்‌ஷாப் நிற்கிறது. லாரி, பஸ், டிராக்டர் எது வந்தாலும் வயரிங் என்றால் என் வாசலுக்குத்தான் வர வேண்டும். காயிலாங்கடையில் துருப்பிடித்துக் கிடந்த டைனமோவை எடுத்து ஓடவைத்து, அச்சன்புதூரில் ஒரு கோவில் கொடைக்கு மூன்று நாள் வெளிச்சம் கொடுத்தவன் நான். கிணறு வற்றினால் தானாக நின்றுகொள்ளும் மோட்டார் பெட்டி செய்தேன். குற்றாலத்து லாட்ஜுகளில் மொட்டைமாடித் தொட்டி நிறைந்தால் கீழே மணியடிக்கிறதே, அந்தப் பெட்டியும் என் கையால் செய்ததுதான். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அதைத் திறந்து பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டு மூடியிருக்கிறார்கள். எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை, எல்லாம் நானாகக் கண்டுபிடித்தது என்று ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது பொய். தொட்டி நிறைந்ததை வெளியே இருந்தே தெரிந்துகொள்ளும் வித்தை என் மாமாவுடையது. அந்த மாமாவுக்கு நான் செய்ததை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்குப் பதினோரு வயசாகும்போது அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொருத்தர் ஷெட்டில் வயர்மேனாக இருந்தார். சொந்தமாக ஒரு ஷெட், அதன் நெற்றியில் ஒரு போர்டு. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டால்கூட, முதலில் ஷெட்டு என்பார்.

வயலும் ரைஸ்மில்லும் வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு அந்த வருஷம் ஒரு ஆசை வந்தது. பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதையே வீடாக்கிக் குடும்பத்தோடு காசிக்குப் போய்வர வேண்டும். படுக்கப் பலகை, சமைக்க மேடை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தார்கள். பின்பக்கம் தகரம் அடைத்துக் குளிக்க ஒரு அறை, அதிலேயே கக்கூஸ். வீட்டுப் பெண்கள் வழியில் ஒதுங்க இடம் தேடி அலையக்கூடாது என்று அண்ணாச்சி நினைத்தார். நல்ல நினைப்புதான். குளித்த தண்ணீரும் மற்றதும் போய் விழுவதற்குப் பஸ்ஸின் அடியில் ஒரு இரும்புத் தொட்டி. அது நிறைந்துவிட்டதா என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மாமாவைக் கூப்பிட்டார்கள்.

மாமா தொட்டியின் மேல்தகட்டில் மூன்று செம்புக் கம்பிகளை உள்ளே இறக்கினார். ஒன்று நீளம், ஒன்று பாதி, ஒன்று குட்டை. கம்பி தகட்டில் பட்டுவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர். தண்ணீர் ஏறி எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அதற்குரிய பல்பு டிரைவர் முன்னால் எரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு. இடையில் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய டிரான்சிஸ்டர்கள். சிவப்பு எரிந்தால் அடி வால்வைத் திறந்து காலி செய்துவிட வேண்டும். அண்ணாச்சி பச்சைக் குழந்தை மாதிரி அந்தப் பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்தாலத்துல மூணு நாள் வச்சு ஓட்டிப் பாப்போம்வே. ஒரு கோளாறும் இல்லாம ஓடிச்சுன்னா, தென்காசியில என் கட்டடத்து முன்பக்கம் ஒமக்குத்தான். ஷெட்டைப் போட்டுக்கிடும்."

மாமா அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்கள். இலஞ்சியில் அண்ணாச்சியின் சொந்தக்காரர் தென்னந்தோப்பில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கழிவுக்குத் தோப்பின் ஓரத்தில் குழி வெட்டியிருந்தது. மாமாவோடு நானும் போயிருந்தேன். அண்ணாச்சி வீட்டார் எல்லோரும் நல்லெண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டு அருவிக்குப் போனார்கள். திரும்பி வந்து, அருவியில் எண்ணெய் போகவில்லை என்று பஸ்ஸுக்குள் சீயக்காய் போட்டு இன்னொரு தடவை குளித்தார்கள். ஒன்பது பேர்.

மறுநாள் காலையில் சிவப்பு எரிந்தது. வால்வைத் திறந்து காலி செய்தார்கள். அப்புறமும் எரிந்தது.

"என்னவே, வயித்தைக் காலி பண்ணின பெறகும் நெறஞ்சிருக்குங்குது?" என்றார் அண்ணாச்சி.

மாமா பதறவில்லை. பஸ்ஸின் தரையிலிருந்த மூடியைக் கழற்றினார். தொட்டியின் மேல்தகடும், அதில் நீட்டிக்கொண்டிருந்த மூன்று கம்பி முனைகளும் தெரிந்தன. குட்டைக் கம்பியிலிருந்து வயரைக் கழற்றினார், சிவப்பு அணைந்தது. வயரைத் தகட்டில் தொட்டார், எரிந்தது. திரும்பக் கம்பியிலேயே மாட்டி நட்டை முடுக்கினார். "வயரும் பல்பும் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. கோளாறு உள்ள இருக்கு" என்றார். பக்கத்திலிருந்த கை நுழைகிற ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து களியாகி, கம்பி தொட்டிக்குள் இறங்கும் இடத்தில் அப்பிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் கம்பியையும் தகட்டையும் சேர்த்துவிட்டதால், தண்ணீர் தொடாமலே தொட்டதாகப் பல்பு நினைத்துக்கொண்டது. சலவைச் சோடா கரைத்து, தேங்காய் நாரால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது.

மாமாவின் கை ஓட்டைக்குள் போனது, உள்ளே போய் மேல்பக்கமாக மடங்கவில்லை. என் கை மடங்கும்.

"மாப்ளே, நீ தேச்சிருதியா? கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம்" என்று கேட்டார். சரி என்றேன். தோப்பு வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்று அப்போது ஒரு ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் சோடா வாளியோடு உட்கார்ந்தேன். வீட்டு பஸ்ஸை வேடிக்கை பார்க்க ஊர்ப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி எட்டிப் பார்த்தவர்களில் இரண்டு பேர் என்னோடு அஞ்சாங்கிளாஸ் படித்தவர்கள்.

"ஏலே, இங்கன பாருலே! பள்ளிக்கூடத்துக்கு வராம இவன் கக்கூஸ் அள்ள வந்துட்டாம்லே!"

"ஏ கக்கூஸு! கையை விடுலே, பாப்போம்!"

என் கை ஓட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றைக்கும் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் முதன்முதலில் வேலை செய்தது அங்கேதான். குட்டைக் கம்பியின் நட்டைத் தளர்த்தினேன். வயரின் நுனியில் தெரிந்த செம்பைக் கட்டிங் பிளேயரால் ஒட்ட வெட்டினேன். ரப்பர் உறை மட்டும் நட்டுக்கடியில் இருக்கிற மாதிரி வைத்து இறுக்கி முடுக்கினேன். மேலே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. சிவப்பு அணைந்துவிட்டது. தொட்டி நிறைந்து வழிந்தாலும் இனி எரியாது. ஆனால் அதை நான் அப்போது யோசிக்கவில்லை. ஜன்னலில் தொங்கிய இரண்டு பேர் இறங்கிப் போனார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அதோடு விட்டேனா? கையை முழங்கை வரைக்கும் சோடாத் தண்ணீரில் முக்கி, சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டேன். மாமா வந்தார்.

"தேச்சியாலே?"

"தேச்சிட்டேன் மாமா. எரியுது" என்று கையை நீட்டினேன்.

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் குவித்து ஊதினார். ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து தடவினார். அவர் ஊதியது இப்போதும் முழங்கையில் குளிர்கிறது.

நிறைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நான் சொன்ன பிறகு எதற்கு? அண்ணாச்சியிடம் போய், "என் மருமகன் சரிபண்ணிட்டான் அண்ணாச்சி. தொட்டிக்குள்ள கையை விட்டுத் தேச்சிருக்கான்" என்றார். அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். அண்ணாச்சியின் சம்சாரம் எனக்கு மட்டும் தனியாக அதிரசம் கொடுத்தார். நான் அதைத் தின்றேன். நல்ல அதிரசம்.

மூன்றாம் நாள் மத்தியானம் சிவகிரியிலிருந்து அண்ணாச்சியின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சம்பந்தி போலீசில் பெரிய உத்தியோகம். மீசையிலேயே அது தெரியும். ஓடுகிற வீட்டுக்குள் விருந்து என்று அண்ணாச்சி ஏற்பாடு. இலை போட்டு எல்லோரும் தரையில் உட்கார, பஸ் மெதுவாக இலஞ்சியிலிருந்து குற்றாலத்துப் பக்கம் நகர்ந்தது. மாமா டிரைவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் படியில் நின்றேன்.

"தொட்டி எப்படிவே இருக்கு?" என்று பந்தியிலிருந்து அண்ணாச்சி கேட்டார், சம்பந்தி காதில் விழட்டும் என்று.

டிரைவர் பல்பைப் பார்த்து, "மஞ்சள்தான் அண்ணாச்சி" என்றார்.

குறுக்கே ஒரு எருமை வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். தகரத் தடுப்புக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தடுப்பின் அடியிலிருந்து அது வந்தது. இரண்டு நாளின் எண்ணெய், சீயக்காய், மற்றதெல்லாம், பளபளவென்று, அவசரமே இல்லாமல். முதல் இலை மிதந்து இரண்டாவது இலையை இடித்தது. பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு பலகைமேல் ஏறினார்கள். சம்பந்தி எழுந்து நின்று வேட்டியைப் பார்த்தார். "சம்பந்தி, ரசம் ரொம்பத் தாராளமா ஊத்துதீக" என்றார். இறங்கி நடந்துவிட்டார்.

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சிவப்பு எரிஞ்சுதாவே?" என்று கத்தினார். டிரைவர் சாமி சத்தியமாக இல்லை என்றார்.

மாமா முழங்காலில் உட்கார்ந்து, அந்த அசிங்கத்துக்குள் கையை விட்டு மூடியைக் கழற்றினார். நட்டைத் திருகினார். வயர் கையோடு வந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வயரின் நுனியைப் பார்த்தார். பிறகு, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போதே, அதை வாயில் வைத்துப் பல்லால் ரப்பரைக் கடித்து உரித்துத் துப்பினார். செம்பை முறுக்கிக் கம்பியில் சுற்றினார். சிவப்பு எரிந்தது. அண்ணாச்சி அவர் தோளுக்குமேல் வந்து குனிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"இப்ப எரியுதேவே! அப்ப ஏன் எரியல?"

"என் தப்புதான் அண்ணாச்சி. நட்டை முடுக்காம விட்டுட்டேன்."

"நேத்து பொடியன் சரிபண்ணினான்னீரே?"

"அவன் தேச்சது சரியாத்தான் இருக்கு. வயரு என் வேலை."

அண்ணாச்சி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பஸ்ஸை மாமாவே கழுவ வேண்டும், அதற்கப்புறம் கட்டடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது அதன் சாரம். மாமா சாயங்காலம் வரை கழுவினார். நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். வயர்மேன்கள் எல்லோரும் பல்லால்தான் வயர் சீவுவார்கள். அது கைப்பழக்கம் என்று நினைத்தேன். இலஞ்சி முருகன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு, திருநீறு கூடப் பூசிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமாவுக்கு ஷெட் அமையவே இல்லை. கக்கூஸ் வயர்மேன் என்று ஒரு பேர் அமைந்தது. பல வருஷம் கழித்து என் ஒர்க்‌ஷாப்புக்கே வேலைக்கு வந்தார். மாமாவுக்கு நான்தான் சோறு போடுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாய் கூசவில்லை.

நானும் எத்தனையோ ஆயிரம் வயர் சீவிய பிறகு, ஒருநாள் சும்மா இருக்கும்போது அந்தக் காட்சி முன்னால் வந்து நின்றது. முடுக்காமல் விட்ட வயர் நழுவும். அதன் செம்பு ஒட்ட வெட்டுப்பட்டிருக்காது. அந்த வெட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். கட்டிங் பிளேயர் அவர் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. அதை எடுக்கக் கை பின்னால் போயிருந்தால் அண்ணாச்சி குனிந்து அந்த நுனியைப் பார்த்திருப்பார். போலீஸ்காரச் சம்பந்தி வேறு ரோட்டில் நிற்கிறார். பதினோரு வயசுப் பயலை என்ன செய்திருப்பார்களோ. அதை மறைக்க அவருக்குச் சட்டென்று கிடைத்தது வாய் ஒன்றுதான். பதினோரு வயசில் எனக்கு இது விளங்கவில்லை. விளங்கியபோது அவர் இல்லை.

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி முடிந்ததும் யாராவது ஒருத்தர், சம்பந்திக்கு மாமா ரசம் ஊத்தின கதையை எடுக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இனிமேலும் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னால் சரியாகச் சொல்லுங்கள். அந்த வயரை வெட்டினது நான். அதில் மாமாவுக்குப் பங்கு கிடையாது. என் பேரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும்.