தொண்டைத் தண்ணி வற்ற

நுவரெலியா ஆஸ்பத்திரியில் தொண்டை பார்க்கும் டாக்டர் என் வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, டீச்சரா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் கத்தக் கூடாது, கத்துவதை விடாவிட்டால் ஒருநாள் குரல் போகும், போனால் திரும்பி வராது என்றார். நான் அழுதிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, டாக்டரே சொல்லிவிட்டார், இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

ஆனால் கத்தாமல் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. வீட்டில் உப்பு எங்கே என்று நான் கேட்டால் அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும். கொழும்பில் வேலை செய்யும் மகள் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறாளாம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வீட்டுக்காரர் யோசிப்பார். நம் வீட்டுக் கதையெல்லாம் டிரைவர் வரைக்கும் போய்விடும் என்பார். பிறக்கும்போதே கொண்டுவந்த குரல் இல்லை இது. பள்ளிக்கூடத்தில் நான் படித்த முதல் பாடமே இதுதான்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தேன். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, நடுவில் சுவர் கிடையாது. மேலே தகரம். ஒரு வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்கும் அடுத்த வகுப்பின் கடைசி வாங்கும் முதுகோடு முதுகு முட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கணக்குக்கு நடுவே ஐந்தாம் வகுப்பின் தமிழ் வந்து விழும், அதற்கும் மேலே ஒன்றாம் வகுப்பு அ, ஆ என்று கூவும். எங்கள் மூன்றாம் வகுப்பு வாத்தியாரை சேர் என்போம், நல்ல மனிதர், ஆனால் மெல்லிய குரல். அவர் சொல்வது முதல் இரண்டு வாங்குக்குத்தான் கேட்கும். கடைசி வாங்கில் இருந்த நான் ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம்தான் பாதிப் பாடம் படித்தேன். அவருக்கு வெண்கலக் குரல். அதனால் மூன்றாம் வகுப்பிலேயே மழை எப்படி உண்டாகிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் படித்திருக்க வேண்டிய வகுத்தல் மட்டும் இன்றுவரை தகராறு.

யாருக்குக் குரல் இருக்கிறதோ அவர்தான் அங்கே நல்ல வாத்தியார். பிள்ளைகளிலும் சத்தமாகச் சொல்பவள்தான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த மலையில் அம்மாமார் கொழுந்து பறிப்பார்கள். வாய்ப்பாடு சொல்லும் சத்தம் அங்கே வரைக்கும் ஏறும். அத்தனை பிள்ளைகளின் சத்தத்திலும் என் குரலை அம்மா பிரித்து எடுத்துவிடுவார். சாயந்தரம் கூடையை இறக்கியதும் முதல் கேள்வி, "ஏழாம் வாய்ப்பாட்டுல ஏன்டி நடுவுல நின்ன?" என்பதாகத்தான் இருக்கும். நிற்கவில்லை, மூச்சு வாங்கினேன் என்றால் நம்ப மாட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவர் கட்சி. அதனால் எனக்குத் தெரியாத இடம் வரும்போதெல்லாம் இன்னும் பலமாகக் கத்தினேன்.

மழை வந்தால் அதுவும் இல்லை. எங்கள் பக்கத்து மழை பிடித்தால் கிழமைக்கணக்கில் விடாது. தகரத்தில் அது விழும்போது பாடம் நடத்துவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். சேர் கரும்பலகையில் எதையாவது எழுதிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என்ன, ஏது என்று தெரியாமலே பார்த்து எழுதுவோம். ஒரு தவணைப் படிப்பில் பாதி அப்படியே போய்விடும்.

ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். கல் கட்டடம், நான்கு பக்கமும் சுவர், தலைக்கு மேலே சீலிங். கதவைச் சாத்தியதும் காது அடைத்துப்போனது போல் இருந்தது. அப்படியொரு அமைதியில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. வழக்கம்போல் முதல் கேள்வியைப் பலமாக வாசித்தேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருமே வாசித்தோம். மனதுக்குள் படிப்பது என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் மண்டபத்தில் வாயை மூடினால் பக்கத்து வகுப்புப் பாடம்தான் மண்டைக்குள் வரும். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் விறுவிறுவென்று வந்து, இன்னொரு சத்தம் கேட்டால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடியதும் கணக்கும் நின்றுவிட்டது. எங்களில் ஒருவருக்கும் தேறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளி வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மக்கு என்றார்கள், நாங்களும் நம்பினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விழுந்து எழும்பிப் படித்து ஒருவழியாக நானும் டீச்சரானேன். கிடைத்த பள்ளிக்கூடமும் மலைமேல்தான். மண்டபம் புதிது, தகரமும் புதிது, சுவர் மட்டும் இன்னும் வரவில்லை. வகுப்புக்கு வகுப்பு இடுப்பளவில் ஒரு பலகைத் தட்டி இருக்கிறது. அது பிள்ளைகளைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. ஒரு வகுப்பு சத்தம் போட்டுப் படித்தால் அடுத்த வகுப்பை எழுத வைப்போம் என்று எங்களுக்குள் பேசிவைத்திருப்போம். பத்து மணிக்குள் அந்தப் பேச்சு காற்றில் போய்விடும். தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியே என் காலம் கழிந்தது. களைத்துப்போய்விட்டேன். இதை இப்படி வெளிப்படையாகச் சொல்ல இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

டாக்டர் சொன்னதைப் பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னேன். நல்ல மனிதர், வலயக் கல்விப் பணிமனையில் ஒரு மேசை வேலை பார்த்துத் தந்தார். போகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொன்னால் போதும் என்றார். போகத்தான் இருந்தேன். எழும்பி வெளியே வரும்போது, குறையாகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்கிறவர் மாதிரி அவர் சொன்னார்: "நீங்க போனா ஒங்க எடத்துக்கு இப்போதைக்கு ஆள் வராது டீச்சர். ரெண்டு வகுப்பையும் ஒண்ணா சேத்து பக்கத்து டீச்சர்கிட்ட குடுத்துருவோம்."

பக்கத்து டீச்சர் என்றால் போன வருடம் நியமனம் கிடைத்து வந்த பிள்ளை. பூண்டுலோயாக்காரி. வந்த புதிதில் காலைக் கூட்டத்தில் தேவாரம் அவள்தான் பாடுவாள், அவ்வளவு நல்ல குரல். இப்போது பாடுவதில்லை. போத்தலில் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து பாடத்துக்குப் பாடம் குடிக்கிறாள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நனைந்துகொண்டே ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவரும் மண்டபத்திலேயே நின்றோம். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. என் காதருகே வந்து, "போயிருங்க டீச்சர், ரெண்டு வகுப்பையும் நான் பாத்துக்கிறேன்" என்றாள். கடைசிச் சொல்லில் பாதிக்குமேல் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தக் காற்று எனக்குப் பழக்கம்.

"கத்தாதம்மா," என்றேன். "புள்ளைங்க எவ்வளவு சத்தம் போட்டாலும் நீ கத்தாத."

தகரத்து மழையில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன டீச்சர் என்று கையால் கேட்டாள். மறுபடி சொன்னேன், அப்போதும் கேட்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்ற அதே கத்தலை அடித்தொண்டையிலிருந்து எடுத்துக் கத்திச் சொன்னேன். அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலை அதிபர் பதில் கேட்டார். போகவில்லை என்று தலையை ஆட்டினேன். ஏன் என்று கேட்டார். வாயைத் திறந்தேன், சொல்வதற்குக் குரல் இல்லை.