ரத்னம்மா என்றும் ரத்தினம்மாள் என்றும் இரண்டு பேர்

2006-ஆம் வருஷம், மாசி மாதம். நான் ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம் இருந்தது. ஓசூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு என் பென்ஷன் பைல் திரும்பி வந்தது. அதன் மேல் ஒரு தாளைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். "ரத்னம்மா என்பவரும் ரத்தினம்மாள் என்பவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் இல்லை."

நான்தான் ரத்னம்மா. நான்தான் ரத்தினம்மாள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? அந்த ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பெயரே பென்ஷன் டீச்சர்தான். சேமநல நிதி, வாரிசு நியமனம், சரண்டர் லீவு என்று எது கேட்டாலும் சொல்லுவேன். சின்ன வயசு டீச்சர்களைப் பிடித்து உட்காரவைத்து, "இப்பவே திட்டம் போடுங்கடி, கடைசியில முழிக்காதீங்க" என்பேன். ஊருக்கெல்லாம் சொன்ன நான் என் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

நான் கர்நாடக எல்லையோரத்துத் தளிக்காரி. வீட்டில் கன்னடம், படித்ததும் கன்னடம். சான்றிதழில் ரத்னம்மா. முதல் வேலை தளிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். வருகைப் பதிவேட்டில் கன்னடத்தில்தான் கையெழுத்துப் போடுவேன். ஒன்பதாவது வருஷம் தெற்கேயிருந்து பரமசிவம் என்று ஒரு தலைமையாசிரியர் வந்தார். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவனுக்கு இது யார் கையெழுத்துன்னு எப்படித் தெரியும்? தமிழ்ல போடு. ரத்தினம்மாள்னு போடு."

"என் பேரு ரத்னம்மா சார்."

"கூப்பிடறதுக்கு அது இருக்கட்டும். எழுத்துல இதுதான்."

அன்றைக்குப் பள்ளிக்குப் பின்னால் அவரைச் செடி ஓரம் நின்று அழுதேன். அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. அதே வருஷம் ஓசூருக்கு மாற்றலாகி வந்தேன். இங்கே எல்லாக் காகிதத்திலும் ரத்தினம்மாள் ஆகிவிட்டேன். அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் மட்டும் போகவே இல்லை. சனிக்கிழமை தோறும் ஓசூர் ஆஞ்சநேயர் சந்நிதியில் நிற்கும்போதுகூட, "என் பேரையே மாத்திட்டாரே, நீ பார்த்துட்டுத்தானே இருந்த" என்று சாமியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பெயரே என் கழுத்தைப் பிடித்தது. கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் தன்மையாகத்தான் பேசினார். "டீச்சர், இப்ப எழுதி வாங்குற லெட்டர் எதுவும் செல்லாது. அந்தக் காலத்துலயே எழுதின ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா அந்த ஒன்பது வருஷம் உங்க சர்வீஸ்ல சேராது. பேர்க் குழப்பம் தீராம பைலும் நகராது."

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் மூடியிருந்தார்கள். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. இனி சாப்பாடு என்றால் என் பென்ஷன்தான். அதைவிட ஒன்று என்னைத் தின்றது. மழையிலும் பனியிலும் மலையேறிப் போய்ப் பாடம் சொன்ன ஒன்பது வருஷத்தை, வேறு யாரோ செய்தது என்கிறார்களே!

வீட்டுக்காரர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "ரத்னா, இத்தனை வருஷமா ரெண்டு சம்சாரத்தோட குடும்பம் நடத்தியிருக்கேன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சு. நான்தான் கவனிக்கல." 

"ரெண்டு பேரும் சேர்ந்து உங்களை மொத்துவோம், பார்த்துக்குங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பழைய பள்ளிக்குக் கடிதம் போட்டேன். பழைய பதிவேடு எதுவும் அலமாரியில் இல்லை என்று பதில் வந்தது. ஐந்து சனிக்கிழமை வெற்றிலை மாலை சாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது சனிக்கிழமை, உண்மையைச் சொல்கிறேன், கும்பிடப் போகவில்லை, கேட்டுவிட்டு வரத்தான் போனேன்.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பெயரைச் சொல்வது? பின்னால் வரிசை நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பரவாயில்லம்மா. சாமி பேருக்கே பண்ணிடறேன்."

தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் கேட்டேன். 'அப்பா, இத்தனை வருஷம் உன்கிட்ட வர்றேன். உனக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா? தெரியும்னா எந்தப் பேர்ல தெரியும்? அதை மட்டும் சொல்லு.'

கற்பூரம் காட்டி முடியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கன்னடத்தில் ஒரு குரல் கேட்டது. "ரத்னம்மா டீச்சரு அல்வா நீவு?"

நீங்கள் ரத்னம்மா டீச்சர்தானே என்கிறது அந்தக் குரல்! ஓசூரில் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆளே கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பினால் நாற்பது வயசு மதிக்கும்படி ஒரு பெண், கையில் துளசி மாலையோடு நிற்கிறாள்.

"நான் மாதம்மா, டீச்சர். பல்பம் தின்னுட்டேன்னு அடிப்பீங்களே!"

தளியிலிருந்து பூ வண்டியில் ஓசூர் மார்க்கெட்டுக்கு வந்தவள், சாமி கும்பிட நுழைந்திருக்கிறாள். அந்த மலைப் பள்ளியில் இப்போது அவள்தான் சத்துணவு சமைக்கிறாளாம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழைய நோட்டா? அலமாரியில ஏது டீச்சர்? சமையல் ரூம்ல ஒரு தகரப் பெட்டி இருக்கு. எலி ஏறாதுன்னு அது மேலதான் அரிசி மூட்டை வெக்கறேன். உள்ள ஏதோ நோட்டுங்கதான் கிடக்குது."

திங்கட்கிழமை நானும் வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸில் தளிக்குப் போய் மலையேறினோம். இப்போதைய தலைமையாசிரியர் நல்ல மனுஷர், தானே மூட்டையை இறக்கினார். பெட்டியைத் திறந்ததும் தூசியில் எல்லோரும் தும்மினோம். நான் இருந்த கடைசி வருஷத்துப் பதிவேடு அடியில் கிடந்தது. ஓரம் அரித்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது.

பக்கத்தின் மேல்பாதியில் என் கன்னடக் கையெழுத்து. கீழ்ப்பாதியில் நடுங்கி நடுங்கி எழுதிய ரத்தினம்மாள். இரண்டுக்கும் நடுவில் சிவப்பு மையில் பரமசிவம் சார் எழுதியிருந்தார்.

"ஆசிரியை ரத்னம்மா இதுவரை கன்னடத்தில் கையொப்பமிட்டு வந்தார். இன்று முதல் ரத்தினம்மாள் எனத் தமிழில் கையொப்பமிடுவார். இருவரும் ஒருவரே."

கீழே அவர் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை.

அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சாக்பீஸ் டப்பா தீர்ந்தால்கூட எழுதிவைப்பார் அந்த மனுஷர். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எந்த நாளை நினைத்து இருபத்தொன்பது வருஷம் பொருமினேனோ, அந்த நாளில்தான் சாமி எனக்கு வழி எழுதிவைத்திருந்தார். கடலைத் தாண்டி அடையாள மோதிரம் கொண்டுபோய்க் கொடுத்த சாமிக்கு, தளி மலையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுப்பது பெரிய வேலையா!

கண்காணிப்பாளர் அந்த மூன்று வரியைச் சத்தமாகப் படித்தார். "இப்படி எழுதி வெச்ச மகராசன் யாரு டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார். மே மாதம், பள்ளியில் எனக்கு மாலை போட்ட அன்றைக்கு உத்தரவு கையில் இருந்தது. ஒன்பது வருஷமும் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அப்போ என் ரெண்டாவது சம்சாரம் போயிட்டாளா?" என்றார். சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது.

டீச்சர்மாரே, உங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த வாரமே பிரித்துப் பாருங்கள். அது உங்கள் வேலை. அதற்கு மேல் உங்கள் கைக்கு எட்டாதது இருக்கும், அதைச் சாமியிடம் விடுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள். பெயர் சொல்ல வாய் வராவிட்டாலும் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததைப் போல உங்களுக்கும் தெரியும்படி செய்வார். என் கோபமும் அந்த மலையிலேயே கழன்று விழுந்துவிட்டது. இப்போது லேசாக இருக்கிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த சனிக்கிழமை, மூன்று அர்ச்சனைச் சீட்டோடு சந்நிதியில் நின்றேன்.

"பேர், நட்சத்திரம்?"

"ரத்னம்மா, உத்திரம்."

"அடுத்தது?"

"ரத்தினம்மாள், உத்திரம்."

அர்ச்சகர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவங்க வரலையா?"

"வந்திருக்காங்க சாமி. அதுவும் நான்தான்."

சிரித்துக்கொண்டே மூன்றாவது சீட்டை வாங்கினார்.

"பரமசிவம். எங்க இருக்காரோ தெரியாது, நட்சத்திரமும் தெரியாது."

"உங்களுக்கு என்ன வேணும் அவர்?"

"எனக்குப் பேர் வெச்சவர், சாமி" என்றேன்.